மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

2022இல் பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது, யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய கதை திரும்பவும் உலாவத் தொடங்கியது. "இதென்ன பெரிய விசயம்? நாங்கள் தொண்ணூறுகளில மண்ணெண்ணெயில கார் ஓடின ஆக்கள்!" அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். பெருமைப்படக் கூடாதெண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனால் அந்தக் கார்கள் எப்படி ஓடின, ஏன் அந்தப் பழைய கார்களால் அது முடிந்தது, ஓடினதால அதுகளுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டால் கதை வேற பக்கம் போகும்.

மொறிஸ் மைனரில் இருந்து தொடங்கலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த கார். பிரித்தானியாவில் 10 இலட்சத்தைத் தாண்டி விற்ற முதல் கார் இதுதான். ஆசிரியர், தபாலதிபர், வைத்தியர் போன்ற நடுத்தர வர்க்கத்தின் கார். 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே கம்பனியாக இணைந்த பிறகு, ஒஸ்ரினின் 803 சிசி 'ஏ சீரிஸ்' எஞ்சின் மைனருக்குள் வந்தது. 1956இல் அது 948 சிசி ஆனது. இரண்டு வருடம் கழித்து, 1958இல், அதே 948 சிசி எஞ்சினுக்கு இரண்டு காபரேற்றர் பூட்டி 'ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற்' என்ற ஸ்போர்ட்ஸ் காரை விட்டார்கள். 1961இல் வந்த எம்ஜி மிட்ஜெற்றும் அதே குடும்பம்தான். இன்றைக்கு ஐரோப்பாவில் சேகரிப்பாளர்கள் துணியால மூடி வைக்கிற அந்த ஸ்போர்ட்ஸ் காரின் இதயமும், எங்கட ஊர் மாமரத்துக்குக் கீழ நிண்ட மைனரின் இதயமும் கிட்டத்தட்ட ஒண்டுதான்.

அந்த எஞ்சினை, ஓடுறவனே திருத்தலாம் என்ற நினைப்பில்தான் செய்திருந்தார்கள். போனற்றைத் திறந்தால் எல்லாமே கைக்கு எட்டும். பொயின்ற் கருகினால் எமரித்தாள் போட்டுத் தேய்க்கலாம். காபரேற்றரைக் கழற்றிக் கழுவிப் பூட்டலாம். பற்றறி இறங்கினால் முன்னால கம்பியைச் செருகிச் சுழற்றி ஸ்டார்ட் பண்ணலாம். குறை இல்லாமல் இல்லை. முன்சில்லைத் தாங்கும் மூட்டுக்கு ஒழுங்காக கிறீஸ் அடிக்காவிட்டால் அதன் புரி தேய்ந்து, ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு மடிந்து விழும். மைனர் வைத்திருந்தவர்களுக்கு இது நல்லாத் தெரியும்.

பழைய காரைத் திருத்தித் திருத்தி ஓடுவது போரோடு வந்த பழக்கம் இல்லை. 1960களின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடி வந்தபோது கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரைக்கும் முழு இலங்கையும் இருந்த காரையே உருட்டிக்கொண்டு இருந்தது. உதிரிப்பாகத்தைக் கடைசலில் கடைந்து எடுக்கிறது, தகரத்தைத் தட்டி மட்காட் செய்யிறது எல்லாம் அந்தக் காலத்துக் கராச்சுகளில் வளர்ந்த கைத்தொழில். காலியிலும் அப்படித்தான், கண்டியிலும் அப்படித்தான்.

இந்தக் கார்களின் நம்பர் தகட்டிலேயே ஒரு அரசியல் வரலாறு இருக்கு. 1957இல் வாகன இலக்கத்தில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. அதைத் தமிழரசுக் கட்சி எதிர்த்தது. 1958 மார்ச்சில் வடக்குக்கு அனுப்பப்பட்ட பஸ்களின் சிங்கள எழுத்து அழிக்கப்பட்டது, பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மேயில் கலவரம். ஒரு பழைய மைனரின் தகட்டைப் பார்த்தாலே அது அந்தச் சண்டைக்கு முன் பதியப்பட்டதா பின் பதியப்பட்டதா எண்டு தெரிஞ்சுபோகும்.

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றறி, வாகன உதிரிப்பாகம் எதுவும் வரக் கூடாது. மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது, அதுவும் விளக்குக்கும் அடுப்புக்கும் போதாத அளவில்.

மண்ணெண்ணெயில் பெற்றோல் எஞ்சின் ஓடும் என்பது யாழ்ப்பாணத்தின் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இங்கிலாந்து வயல்களில் ஓடிய ஃபெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. விசயம் இதுதான்: பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும், மண்ணெண்ணெய்க்குச் சூடு வேணும். அதனால முதலில் கொஞ்சம் பெற்றோல் கொடுத்து எஞ்சினை எழுப்ப வேண்டும், சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எங்கட ஆக்கள் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொக்கிசம் மாதிரி வைத்திருந்து, ஸ்டார்ட் பண்ணுற நேரம் மட்டும் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் இதே வைத்தியம்தான்.

இரண்டாவது பிரச்சினை, மண்ணெண்ணெயை அதிகம் அழுத்தினால் அது நேரத்துக்கு முன்னமே வெடித்து எஞ்சின் 'டொக்கு டொக்கு' எண்டு அடிக்கும். 803 சிசி மைனரின் அழுத்த விகிதம் 7.2க்கு 1 தான், அதால தாங்கிச்சுது. இன்றைய கார்களில் அது 10க்கு மேலே, அதோடு கணினியும் சென்சரும். 2022இல் "அப்ப ஓடினது இப்பவும் ஓடும்" எண்டு சொன்னவர்கள் இந்த வித்தியாசத்தை யோசிக்கேல்லை.

ஆனால் தாங்கிச்சுது என்பதை நின்று பார்க்க வேணும். முழுசா எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். கீழே இருக்கிற எஞ்சின் ஒயில் தண்ணியாகும். றிங் தேயும், பெயாரிங் தேயும், பிளக்கில் கரி பிடிக்கும். இதுக்கு மருந்து அடிக்கடி ஒயில் மாற்றுவது. தடை இருக்கிற ஊரில் புது ஒயிலுக்கு எங்க போறது? தேய்ந்த றிங்குக்கு மாற்று றிங் எங்க? இன்னொரு செத்த காரில்தான். ஒவ்வொரு கார் ஓடுவதற்கும் வேறொரு கார் உறுப்புத் தானம் செய்தது. கார்கள் தடையை வென்று ஓடின என்று சொல்வதை விட, ஓடி ஓடித் தங்களையே தின்றன என்று சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பின்னால வெள்ளைப் புகையும் அந்த மணமும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கார் வைத்திருந்தவர்கள் எப்பவும் சிலர்தான். பெரும்பாலான சனம் சைக்கிளில் போனது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்கத் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது தெருவை நிறைத்தது நடந்துபோன சனமும் சைக்கிளும்தான். "நாங்கள் கார் ஓடினம்" என்பதில் இருக்கிற 'நாங்கள்' கொஞ்சம் சின்னது. அந்தக் காருக்குக் கீழே படுத்திருந்தவரின் பெயரோ கதையில் வாறதே இல்லை.

இதே தொண்ணூறுகளில் தெற்கில் நடந்ததை வாசித்தபோது எனக்கு நம்பவே கஷ்டமாக இருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்து விற்றவர் சார்ள்ஸ் வெயர். காரை எறியாமல் திருத்தித் திருத்தி வைத்திருப்பதுதான் மலிவு என்று 1982இல் ஒரு புத்தகமே எழுதியவர். இலங்கையில் மைனர் இன்னும் தெருவில் ஓடுது, தகரம் தட்டத் தெரிந்த கைகள் இருக்கு எண்டு கண்டு, இலங்கையர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து இங்கே மைனருக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை தொடங்கினார். ஒரே தீவு. தெற்கில் செய்த புத்தம்புது மைனர் பாகங்கள் கப்பலேறி இங்கிலாந்து போயின. வடக்கில் ஒரு மைனருக்குப் பிளக் கொண்டுபோவது தடை.

2002 ஏப்ரலில் ஏ9 திறந்தது. ஜப்பான் வான்களும் இந்திய மோட்டார் சைக்கிள்களும் வந்தன. பழைய கார்களில் சில கலியாணக் கார்களாயின, சில வளவுகளில் இத்துப்போயின, சில தெற்கிலிருந்து தேடி வந்தவர்களின் கைக்குப் போயின. பழைய கார்ச் சந்தையில் பெரிய சொல் 'ஒறிஜினல்'. கம்பனி பூட்டின பாகம் எவ்வளவு மிச்சமிருக்கோ அவ்வளவு விலை. அந்தக் கணக்கில், வேறு காரில் இருந்து கழற்றிப் பூட்டிய பாகமும், கராச்சில் கடைந்த புஷ்ஷும், சொட்டுப் பெற்றோலுக்காகக் காபரேற்றரில் செய்த மாற்றமும் எல்லாம் குறைகள். புதுப்பிக்கிறவர் முதலில் கழற்றிப் போடுவது அதைத்தான். அதைச் செய்த மெக்கானிக்மார் பலருக்கு இப்ப எழுபது தாண்டியிருக்கும். எங்கட சமூகவியல், வரலாற்றுத் துறைகளில் ஒவ்வொரு வருசமும் ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலையிறம். ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு பக்கத்துக் கராச்சுக்குப் போய், "அண்டைக்கு றிங்குக்கு என்ன செய்தனீங்கள், ஐயா?" எண்டு கேட்டால் போதும், ஒரு அத்தியாயத்துக்கு விசயம் கிடைக்கும்.