படம் பிடித்த பட்டணம்

‘போட்டோ வாக்’ என்று இப்போது சொல்கிறார்கள். ஆறு பேரோ எட்டுப் பேரோ சேர்ந்து, ஊர் தெரிந்த ஒருவரை முன்னால் விட்டு, வெயில் ஏறுவதற்குள் நகரத்தின் ஒரு பகுதியை நடந்தே படம் பிடித்துக்கொண்டு வருவது. சென்னையில் இது நன்றாகவே பரவிவிட்டது. 2004-இல் ‘மெட்ராஸ் தினம்’ கொண்டாட ஆரம்பித்த பிறகு, ஆகஸ்ட் மாதம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜார்ஜ் டவுன் சந்துகளில் கேமரா மாட்டிய கழுத்துகளாகத்தான் தெரியும். நானும் அந்தக் கழுத்துகளில் ஒன்று.

மலர்க்குழு நண்பர் என்னிடம் கேட்டது துறை சார்ந்த கட்டுரை. கான்கிரீட் கலவை பற்றி எழுதினால் என் மனைவிகூடப் படிக்கமாட்டாள். அதனால் சிவில் என்ஜினீயர் ஒருவன் கேமராவோடு நடந்து தெரிந்துகொண்ட சரித்திரத்தை எழுதுகிறேன். இதிலும் நம் துறை வரும், கவலைப்படாதீர்கள்.

போட்டோகிராபி என்ற விஷயம் பாரிஸில் 1839-இல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. மெட்ராஸ் அதற்கு ரொம்பக் காலம் காத்திருக்கவில்லை. அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850-இல் இங்கே ஒரு ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்றிருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வழிவந்ததுதான். மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி 1857-இல் தொடங்கியது. பம்பாய்ச் சங்கம் 1854, கல்கத்தா 1856, அடுத்தது நாம்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியவர் லின்னேயஸ் டிரைப். கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில் அதிகாரி. 1855-இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று படம் எடுத்தவர். திரும்பி வந்ததும் மெட்ராஸ் அரசாங்கம் இவரைத் தன் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. பழைய கட்டடங்கள் அழிவதற்கு முன் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்பது உத்தரவு. 1857 கடைசியில் சாமான்களை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார்.

அவர் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகடும் வந்துவிட்டது, படமும் அதில் இன்னும் துல்லியமாக வரும். ஆனால் அதில் தடவும் ரசாயனம் ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அது என்ன பாடு படுத்தும் என்று சொல்ல வேண்டாம். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளலாம், படம் எடுத்த பிறகும் கழுவ அவசரம் இல்லை. சைட்டுக்கு ஏற்ற மெட்டீரியலைத் தேர்ந்தெடுப்பது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அதேதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. காகிதத்துக்கு வெளிச்சம் ஏறக்கூடிய வேகம் குறைவு. லென்ஸை நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். அசையாதது பதியும், அசைவது பதியாது. டிரைப் எடுத்த மதுரை, தஞ்சைப் படங்களைப் பாருங்கள், கோபுரம் இருக்கும், தெப்பக்குளம் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். ஜன சந்தடி உள்ள ஊர்கள் எல்லாம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனது போல வெறிச்சென்று நிற்கும். அங்கே ஜனங்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். நடந்ததால்தான் காணாமல் போனார்கள். முதன்முதலில் இது புரிந்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்ததை ஒரு என்ஜினீயர் கட்டாயம் ரசிப்பார். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை, கேமராவை அடுத்தடுத்து நகர்த்தி வைத்து 21 படங்களாக எடுத்து, ஒட்டி ஒரே நீளமாக்கினார். ஏறக்குறைய 19 அடி! இன்றைக்கு செல்போனில் ‘பனோரமா’ பட்டனை அமுக்கி, கை ஆடினால் அலுத்துக்கொள்கிறோம்.

அதே 1858-இல் ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில், ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற இளைஞர் ஒரு தேவாலயத்தை அளந்துகொண்டிருந்தபோது உயரத்திலிருந்து விழப் பார்த்தார். தப்பித்தவருக்கு வந்த யோசனை: கட்டடத்தில் ஏறி அளப்பதற்குப் பதில், படம் எடுத்து, படத்திலிருந்தே அளவு எடுத்தால் என்ன? நாம் சர்வே பேப்பரில் பத்து மார்க்குக்காகப் படித்த ‘போட்டோகிராமெட்ரி’ பிறந்த கதை இதுதான். ஒருவர் தஞ்சாவூரில், ஒருவர் வெட்ஸ்லாரில். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

டிரைப்பின் வேலை நீடிக்கவில்லை. 1859-இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் கண்ணுக்கு இது ஆடம்பரச் செலவாகப் பட்டது. 1860-இல் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். சிக்கனம் பேசிய டிரெவெலியனும் அதே வருடம், மத்திய அரசாங்கத்தின் வரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்ததற்காகத் திருப்பி அழைக்கப்பட்டார் என்பது வேறு கதை.

இனி எங்கள் நடைக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பாதை வடசென்னை. அதிகாலை ராயபுரம் ரயில் நிலையத்தில் கூடுவோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. 1873-இல் சென்ட்ரல் வந்த பிறகு ராயபுரத்தின் மவுசு குறைந்தது. ஒரு வகையில் அதுவும் நல்லதுக்குத்தான். மவுசு இருந்திருந்தால் இடித்துப் பெரிதாகக் கட்டியிருப்பார்கள்.

எங்களை அழைத்துப் போகும் தம்பிக்கு வயது இருபத்தாறு. பையில் பழைய படங்களின் பிரதிகள் வைத்திருப்பான். அந்தப் படத்தை எடுத்தவர் எங்கே நின்றிருப்பார் என்று கண்டுபிடித்து, அதே இடத்தில், அதே கோணத்தில் நாங்களும் எடுக்க வேண்டும். எட்டுப் பேருக்கு மேல் சேர்க்கமாட்டான். அதற்கு மேல் போனால் ஊர்வலம் ஆகிவிடும் என்பான்.

பழைய படத்துக்குத் தேதி கண்டுபிடிப்பது தனி வித்தை. இதில்தான் எனக்கு ருசி அதிகம். தெருவில் டிராம் கம்பி தெரிந்தால் 1895-க்கும் 1953-க்கும் நடுவில். மவுண்ட் ரோடில் எல்.ஐ.சி. கட்டடம் தலை காட்டினால் 1959-க்குப் பிறகு. மெரினாவில் உழைப்பாளர் சிலை இருந்தாலும் அப்படியே. பாரிமுனைப் பக்கம் என்றால் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வேண்டும். முதல் விளக்கு 1796-இல் கோட்டைக்குள் எரிந்தது. இரண்டாவது 1844-இல் தனித் தூணாக வந்தது. ஹைகோர்ட் வளாகத்தில் அந்தத் தூண் இன்னும் நிற்கிறது. ஹைகோர்ட் கட்டடம் 1892-இல் திறக்கப்பட்டு, 1894-இல் அதன் கோபுர உச்சிக்கே விளக்கு ஏறியது. எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 ராத்திரி குண்டு போட்டபோது ஊருக்கு இருந்தது அந்த விளக்குதான். 1977-இல் மெரினாவுக்கு மாறியது. ஒரு விளக்கை வைத்தே நூற்றைம்பது வருடப் படங்களை வரிசைப்படுத்திவிடலாம் போலிருக்கிறது.

சில இடங்களில் பழைய படம் மட்டும்தான் மிச்சம். மூர் மார்க்கெட் 1900-இல் திறந்து, 1985 மே 30-ஆம் தேதி எரிந்துபோனது. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. என் அப்பா படித்த லாகரிதம் டேபிள் அங்கே பழைய விலைக்கு வாங்கியது, இன்னும் வீட்டில் இருக்கிறது. இன்று அந்த இடத்தில் ரயில்வேயின் புறநகர் நிலையம். நம்ம தம்பி கொடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மினார்கள் எங்கே நின்றிருக்கும் என்று அண்ணாந்து பார்த்தால், டிக்கெட் எடுக்கப் போகிறவர்கள் நம்மை இடித்துக்கொண்டு போவார்கள்.

காசிமேடு பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் அங்கே இருக்கும் வெளிச்சமும் கூட்டமும் எந்தக் கேமராக்காரனையும் பைத்தியமாக அடிக்கும். நாங்கள் எட்டுப் பேரும் ‘க்ளிக்’, ‘க்ளிக்’ என்று எடுத்துக்கொண்டிருந்தோம். கூடை முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “வாரா வாரம் வந்து புடிச்சிகினு போறீங்களே, எங்களாண்ட ஒரு படமாச்சும் குட்த்திருக்கீங்களா?”

“அடுத்த தபா எடுத்துட்டு வர்றேன்கா” என்றான் தம்பி.

“போன மாசம் வந்தவனும் அத்தேதான் சொன்னான்.”

அந்த அம்மா கோபமாகச் சொல்லவில்லை. மீனுக்கு விலை சொல்கிற மாதிரிதான் சொன்னார். திரும்பும் வழியில் டீக்கடையில் அதே பேச்சுதான். ஆளுக்கு நூறு ரூபாய் போட்டோம். 31 படங்கள், பெரிய சைஸில், காகிதத்தில் பிரிண்ட் போட்டு அடுத்த மாதம் எடுத்துக்கொண்டு போனோம். 27 படங்கள் உரியவர் கைக்குப் போயின. மூன்று பேர் வேறு துறைமுகத்துக்குத் தொழிலுக்குப் போயிருந்தார்கள். மீதி ஒன்று, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். நடுவில் இறந்துவிட்டார். அவர் மகன் வந்து வாங்கிக்கொண்டார். வீட்டில் இருந்ததெல்லாம் அடையாள அட்டையில் இருக்கும் ஸ்டாம்பு அளவு படம்தானாம். “அப்பா சிரிச்சி ஒரு படமும் இல்ல சார்” என்றார். அந்தப் படத்தை எடுத்தவர் எங்கள் குழுவில் ஒரு வங்கி ஊழியர். அதை அவர் சரியாக வரவில்லை என்று அழிக்க இருந்தார்.

இப்போது பிரிண்ட் இல்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை என்று ஒரு ஏற்பாடு. கேமராப் பையின் எடை கூடியதுதான் மிச்சம் என்று சிலருக்கு முணுமுணுப்பு உண்டு.

கடைசியாக, நம் கல்லூரி விஷயம். பழைய ஹைட்ராலிக்ஸ் லேப் இருந்த ஓட்டுக் கட்டடத்தை இடித்துப் புது பிளாக் கட்டியிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். மலருக்காக அதன் படம் ஒன்று தேடினோம். முழுக் கட்டடமும் தெரிகிற படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தவை எல்லாம் நம் பையன்கள் தோளில் கை போட்டு நிற்கிற படங்கள். பின்னால் அரை ஜன்னல், கால் தூண். அந்த அரை ஜன்னலும் கால் தூணும் பத்துப் படங்களில் கிடைத்தால் போதும். மைடன்பாவர் சொன்ன வழியில் முகப்பை அளவோடு வரைந்துவிடலாம், அந்த வேலையை நான் செய்கிறேன். ஆகவே விழாவுக்கு வரும்போது உங்கள் ஆல்பங்களைக் கொண்டுவாருங்கள். மங்கியது, ஆடியது, பாதி எரிந்த ரோல் எதுவானாலும் சரி. படத்தின் பின்பக்கம் வருடத்தையும், நிற்பவர்களின் பெயர்களையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.