பேகன் மலையில் ஒரு ஜனாஸா

சென்ற மாரிக்காலத்தில் கொடைக்கானலில் ஒரு ஜனாஸாவில் கலந்துகொள்ள நேர்ந்தது. வஃபாத்தானவர் நமக்குத் தூரத்து உறவினர். பூம்பாறை, மன்னவனூர் வட்டாரங்களில் விளையும் மலைப்பூண்டை விவசாயிகளிடம் வாங்கி, அடிவாரத்து வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவந்த சிறு வியாபாரி. பெரிய மனிதர்கள் என்று ஊர் எண்ணும் வரிசையில் அவர் பெயர் இருந்ததில்லை.

தொழுகைக்காக மய்யித்தை வைத்ததும் ஜமாஅத் தலைவர் நம் அருகே வந்து, “ஹஜ்ரத், நாலு வார்த்தை பேசுங்கள்” என்றார். அவரைப் பற்றி எதைச் சொல்வது என்று கேட்டோம். தலைவர் சற்றுத் தயங்கினார். “சொல்லும்படியாகப் பெரிதாக ஒன்றுமில்லை, ஹஜ்ரத். பள்ளிக்கு மினாரா கட்டித் தந்தவரில்லை. பொறுப்பு எதுவும் வகித்தவருமில்லை. குடும்பம், குடும்பம் என்றே இருந்துவிட்டார்” என்றார்.

அப்போது மூத்த மகன் முன்வந்து, நம் வழக்கப்படி, “என் அத்தா யாருக்கேனும் கடன்பட்டிருந்தால் என்னிடம் கேளுங்கள், நான் பொறுப்பு” என்று அறிவித்தார். கூட்டத்தின் ஓரத்தில் பிற சமயத்துச் சகோதரர்கள் சிலர் நின்றிருந்தனர். அவர்களுள் முதியவரான பூம்பாறை விவசாயி ஒருவர் தலைத்துண்டை எடுத்துக்கொண்டு முன்னே வந்தார். “தம்பி, எனக்கு ஒண்ணும் வரவேண்டியதில்லை. பாய் எங்கிட்ட பாக்கி வச்சதே இல்லை. அவங்க அத்தா வச்சுட்டுப்போன பாக்கியையும் வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்து இவர்தான் தீர்த்தார். இதைச் சொல்லணும்னுதான் வந்தேன்” என்றார்.

பிறகு ஒருவர்பின் ஒருவராகப் பேசினர். அவருடைய மனைவி பக்கவாதத்தால் பதினோரு ஆண்டுகள் படுக்கையில் இருந்ததையும், கணவர் கையால் அன்றி வேறெவர் கையாலும் அந்த அம்மையார் உண்ணாததையும் அண்டை வீட்டார் கூறினர். சந்தை முடிய எத்தனை நேரமானாலும், கிடைத்த லாரியில் ஏறி அவர் மலைக்குத் திரும்பிவிடுவாராம். அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஓர் இரவும் அவர் அடிவாரத்தில் தங்கியதில்லை என்று லாரி ஓட்டுநர் ஒருவர் சாட்சி சொன்னார்.

நாம் பேசவேண்டியதை அவர்களே பேசிவிட்டனர். ஆகவே இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டோம். அன்று சொல்லாமல் விட்டதை இங்கு எழுதுகிறோம்.

இறந்தோரைப் போற்றுவதில் அந்த மலைக்கு நெடிய வரலாறு உண்டு. தாண்டிக்குடி, பேத்துப்பாறை முதலிய இடங்களில், பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லைக் கூரையாக ஏற்றிய கற்திட்டைகளை இன்றும் காணலாம். இரும்புக் காலத்து மக்கள் இறந்தோர்க்கு எழுப்பியவை அவை. செண்பகனூர்க் குருமடத்தைச் சேர்ந்த பாதிரியார் ஆங்கிலேடு என்பவரும் நியூட்டன் என்பவரும் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அந்தக் கற்களில் எழுத்து இல்லை. உள்ளே கிடந்தவர் யார், அவருக்காக அழுதவர் யார் என்று அறிய வழியில்லை. ஆயினும் அத்தனை பாரமான கல்லைப் பலர் கூடித் தூக்கி வைத்தார்கள் என்றால், அவர் வெறுமனே மறக்கத்தக்கவர் அல்லர் என்று அவர்கள் கருதினார்கள் என்பது தெளிவு.

எழுத்துள்ள கல்லும் தொலைவில் இல்லை. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள், இந்நாட்டில் இதுவரை கிடைத்த எழுத்துடைய நடுகற்களுள் மிகப் பழையனவாக அறிஞர்களால் மதிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் மடிந்த அந்தவன் என்பானுக்காக நடப்பட்டது. ஆநிரைக்காக உயிர் கொடுத்தவனின் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து நம் கைக்கு வந்துவிட்டது. அவன் வீட்டில் விளக்கேற்றிக் காத்திருந்தவள் பெயர் வரவில்லை. கல் வீரத்தைப் பொறித்தது. கொடையைப் புலவர் பாடினர். இல்லத்தைக் காத்தவனைப் பொறிக்கவும் பாடவும் உலகம் பெரும்பாலும் மறந்துவிட்டது.

எனினும் இதற்கு ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்கும் இதே மலையைச் சார்ந்தது என்பதே நம்மை வியக்க வைக்கிறது.

பழனி மலைப் பகுதியை ஆண்டவன் ஆவியர் குடியில் தோன்றிய வையாவிக் கோப்பெரும் பேகன். பொதினி என்று அகநானூறு குறிக்கும் ஊரே பின்னர்ப் பழனி என மருவிற்று என்பர். குளிரால் நடுங்குகிறது என்று எண்ணி மயிலுக்குத் தன் போர்வையை அளித்தவன் அவன். அந்த ஒரு செயலால் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகச் சிறுபாணாற்றுப்படையில் இடம்பெற்றான். பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை இது.

பிள்ளைகளுக்கு நாம் சொல்லாத மறுபாதியும் உண்டு. மயிலுக்கு இரங்கிய அவ்வள்ளல் தன் மனைவி கண்ணகியைத் துறந்து, வேறொருத்தியை நாடி வேற்றூரில் தங்கியிருந்தான். (சிலப்பதிகாரத்துக் கண்ணகி வேறு, இவள் வேறு.) அவளுக்காகப் புலவர் நால்வர் பேகனிடம் வழக்காடினர். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகியோர் பாடிய அப்பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை அமைந்துள்ளன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு அந்நூலைப் பதிப்பித்துத் தந்திராவிடில், அந்த வழக்கு நம் செவிக்கு எட்டியிராது.

அவர்கள் வழக்காடிய முறையைப் பாருங்கள். உன் மலையைப் பாடி உன் வாயிலில் நின்றபோது கண்ணீர் அடங்காமல் விம்மிய ஒருத்தியைக் கண்டேனே, அவள் யார் என்று கேட்கிறார் கபிலர். எமக்குப் பசியும் இல்லை, சுற்றத்தைத் தாங்கும் சுமையும் இல்லை. இன்றிரவே நீ தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே யாம் வேண்டும் பரிசில் என்கிறார் பரணர். அணிகலனும் செல்வமும் கிடக்கட்டும், குதிரைகளைத் தேரில் பூட்டு என்கிறார் அரிசில் கிழார். மழை ஓசையைக் கேட்டபடி தனியே நின்று கலங்கியவளின் எண்ணெய் காணாத கூந்தல் மீண்டும் பூச்சூட, இன்றே புறப்படு என்கிறார் பெருங்குன்றூர் கிழார்.

இவர்கள் அரசன் ஈயும் பொருளால் வாழ்ந்தவர்கள். அவன் முகம் மாறினால் அவர்கள் வீட்டு அடுப்பு அணைந்துவிடும். அப்படிப்பட்டவர்கள், கையில் விழவிருந்த பொன்னை வேண்டாம் என்று தள்ளி, உன் மனைவியிடம் திரும்பு என்று சொன்னார்கள். ஊரார்க்கு நீ செய்த கொடை, வீட்டில் அழுபவளின் கண்ணீருக்கு ஈடாகாது என்பதே அவர்கள் சொன்னதன் பொருள். பேகன் தேரேறினானா இல்லையா என்பதைப் புறநானூறு கூறவில்லை. வள்ளல் என்ற புகழோடு, மனைவியைத் துறந்தவன் என்ற சொல்லும் சேர்ந்தே அவன் பெயரில் நிலைத்துவிட்டது.

இனி அரபு நாட்டின்பால் வருவோம். அங்கும் இறந்தோரைப் பாடும் இரங்கற்பா வளமாகவே இருந்தது. தம் சகோதரர் ஸக்ருக்காகக் கன்சா (ரலி) அவர்கள் பாடியவை இன்றும் அரபு மாணவர்களால் படிக்கப்படுகின்றன. வீரமும் விருந்தோம்பலுமே அக்காலப் பாடல்களின் பெரும்பொருள். இந்த அளவுகோலை மாற்றி வைத்தவர்கள் பெருமானார் (ஸல்) அவர்கள்.

ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது தோழர்கள் அதனைப் புகழ்ந்தனர். கடமையாகிவிட்டது என்றார்கள் நபிகளார். மற்றொன்று சென்றபோது மக்கள் இகழ்ந்தனர். அப்போதும் கடமையாகிவிட்டது என்றார்கள். என்ன கடமையாயிற்று என்று உமர் (ரலி) அவர்கள் வினவ, முன்னவருக்குச் சுவனமும் பின்னவருக்கு நரகமும் என விளக்கி, பூமியில் அல்லாஹ்வின் சாட்சிகள் நீங்களே என்று கூறினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது. ஆகவே ஜனாஸாவில் சொல்லும் வார்த்தை சம்பிரதாயம் அன்று, சாட்சியம். சாட்சி சொல்பவனுக்கு எதைக் கண்டு சொல்வது என்ற தெளிவு வேண்டும்.

அந்தத் தெளிவையும் நபிமொழிகளே தருகின்றன. உங்களில் சிறந்தவர் தம் குடும்பத்தாரிடம் சிறந்தவரே எனும் கருத்துடைய நபிமொழியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதி பதிவு செய்கிறது. அறப்போருக்கும் அடிமையை விடுவிக்கவும் ஏழைக்கும் செலவிடும் தீனார்களோடு ஒப்பிட்டு, குடும்பத்தாருக்குச் செலவிடும் தீனாருக்கே கூலி மிகுதி என்கிறது முஸ்லிமில் உள்ள மற்றொன்று. மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்கும் நற்கூலி உண்டு என்று ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பெருமானார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் (ரஹ்) கேட்டபோது, குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்றே அன்னையார் விடையிறுத்தார்கள்.

மய்யித்தைக் கொண்டுவந்து வைத்ததும் நபிகளார் முதலில் கேட்டது அவருடைய கொடையையோ பதவியையோ அன்று. இவருக்குக் கடன் உண்டா, அதைத் தீர்க்க ஏதேனும் விட்டுச் சென்றாரா என்றே கேட்டார்கள். பின்னர் வசதி வந்த காலத்தில், கடனையோ ஆதரவற்ற குடும்பத்தையோ விட்டுச் சென்றவரின் பொறுப்பைத் தாமே ஏற்றார்கள். மூத்தாப் போரில், 629ஆம் ஆண்டு, ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அக்குடும்பத்தாருக்கு உணவு சமைத்து அனுப்புமாறு பணித்தார்கள். மவுத்தான வீட்டுக்கு அண்டை வீட்டார் சோறு அனுப்பும் நம் ஊர் வழக்கத்தின் வேர் இதுவே. வீரரின் மரணத்திலும் முதல் கவனிப்பு அவர் வீட்டு அடுப்புக்கே கிடைத்தது.

இவ்வளவும் கற்பிக்கும் நாமே தவறியதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், பெருஞ்செல்வர் ஒருவரின் இரங்கல் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினோம். அவர் கட்டிய கட்டடங்களை வரிசையாக அடுக்கினோம். கூட்டம் முடிந்ததும், திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி வந்தாள். “ஹஜ்ரத் சொன்னதெல்லாம் மெய்தானா என்று எங்கள் நன்னி கேட்டுவரச் சொன்னார்கள்” என்றாள். அந்த மூதாட்டி அவருடைய முதல் மனைவி. பல ஆண்டுகளாகச் செலவுக்குப் பணமின்றிக் கைவிடப்பட்டவர் என்பது நமக்கு முன்பே தெரியும். அச்சிறுமிக்கு விடை சொல்ல நம்மால் இயலவில்லை.

இறந்தவரின் குறையைக் கூட்டத்தில் எடுத்துரைத்திருக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. மரித்தோரின் நன்மைகளையே பேசுமாறு ஏவப்பட்டுள்ளோம். நம் தவறு அதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. அவர் உயிரோடிருந்தபோது அவர் வீட்டு விருந்தில் அமர்ந்து உண்டோம். அப்போது வாய் திறக்கவில்லை. பரணரும் கபிலரும் பேகனின் சாவுக்குக் காத்திருக்கவில்லை. அவன் தேர் ஏறக்கூடிய காலத்திலேயே, அவன் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஆலிம்களாகிய நாம் அப்புலவர்களிடம் கற்க வேண்டிய பாடம் அது.

பேகனை இன்றிரவே தேரேறு என்று நான்கு பெரும்புலவர் கெஞ்ச வேண்டியிருந்தது. அதே மலையில், ஒருவரும் சொல்லாமலே, பதினோரு ஆண்டுகள் ஒவ்வோர் இரவும் பூண்டு லாரியில் ஏறி வீடு திரும்பிய மனிதரைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை என்று நாம் நினைத்துவிட்டோம். ஜமாஅத் தலைவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை; அவர் கேட்டபோது நம்மிடமும் சொல் இருக்கவில்லை. பூம்பாறை முதியவர் வந்திராவிட்டால், நாமும் மரணத்தைப் பற்றிப் பொதுவாக நாலு வார்த்தை பேசி முடித்திருப்போம்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் இத்தகையவர்கள் இருக்கிறார்கள். தந்தையின் கடனைத் தம் கடனாக ஏற்றவர்கள், தங்கைகளைக் கரையேற்றிய பின்பே தமக்கு மணம் முடித்தவர்கள், நோயில் கிடப்பவர்க்கு முகம் சுளிக்காமல் பணிவிடை செய்பவர்கள். அவர்கள் பெயர் பளிங்குக் கல்லில் வராது. அவர்களுடைய ஜனாஸாவில் நாம் திறந்த வாயோடு சாட்சி சொல்லவேண்டும். அதற்கு, அவர்கள் வாழும்போதே அவர்கள் வீட்டு வாசலை நாம் அறிந்திருக்க வேண்டும்.

அல்லாஹ் அந்த மலைவாசியின் கபுறை விசாலமாக்கி, அவர் பேணிய குடும்பத்தைப் பேணியருள்வானாக! ஆமீன்.