குடியம் மலைக்குப் போறீங்களா? கல்லை மட்டும் தொடாதீங்க!

மலை, காடுன்னா நமக்கு உடனே ஞாபகம் வருவது ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடுதான். கால்ல தெம்பு இருக்கிற இளவட்டங்கள் தடா, நாகலாபுரம்னு ஆந்திரா பக்கம் கிளம்பிடுவாங்க. ஆனா ஆவடி, முத்தாபுதுப்பேட்டை பக்கம் இருக்கிற எங்களை மாதிரி ஆளுங்களுக்கு இதெல்லாத்தையும் விடக் கிட்டத்தில் ஒரு காட்டு மலை இருக்குங்க. திருவள்ளூர் போய், பூண்டி ஏரியைத் தாண்டினால் அல்லிக்குழி மலை. அந்தக் காட்டுக்குள்தான் குடியம் குகைகள். 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 நடைபாதைகளில் இதுவும் ஒன்று.

குகைன்னதும் இருட்டுச் சுரங்கத்தைக் கற்பனை பண்ணாதீங்க. கூழாங்கற்கள் ஒட்டி இறுகிய பெரிய பாறை, கூரை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். மழைக்கு ஒதுங்க அருமையான இடம். ஆதிமனிதனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கணும் :-)

கதை 1863இல் ஆரம்பிக்கிறது. இந்தியப் புவியியல் அளவைத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் பூட், அந்த வருஷம் மே 30ஆம் தேதி நம்ம பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சிக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அதே வருஷம் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். குடியம் குகையை முதலில் அடையாளம் காட்டியதும் பூட்தான். 1962-64இல் தொல்லியல் துறையின் கே.டி.பானர்ஜி அங்கே அகழாய்வு செய்தார், கற்கருவிகள் கிடைத்தன.

சரி, இவற்றுக்கு எத்தனை வயசு? இதற்கு விடை சொன்னது அத்திரம்பாக்கம். சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அங்கே தோண்டினார்கள். 2011இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது: அடியில் இருந்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம்!

எப்படிக் கணக்குப் போட்டாங்க? வெளியில் கிடக்கும் கல்லின் மீது விண்வெளிக் கதிர்கள் படும்போது அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்கள் உண்டாகும். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது ஏறக்குறைய நின்றுவிடும். இருப்பவை வெவ்வேறு வேகத்தில் குறையும். மிச்சத்தின் விகிதத்தைப் பார்த்தால், கல் எப்போது புதைந்தது என்று தெரியும். கூடவே மண்ணடுக்கின் காந்தத் திசையையும் சரிபார்த்தார்கள்.

அதாவது, வயசைச் சொன்னது கல் மட்டும் இல்லை, அது கிடந்த இடமும்தான். பூட்டும் கல் பொறுக்கியவர்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனா எங்கே எடுத்தது என்று எழுதி வைத்தார். அவர் சேகரிப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அதனால்தான் இன்றைக்கும் அது ஆராய்ச்சிக்கு உதவுது. நாம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து ஷோகேஸில் வைத்தால், அது வெறும் கூழாங்கல்.

கூட்டம் கூடக் கூட ஆளுக்கொரு கல்லுன்னு போனா என்ன மிஞ்சும்? சும்மா காலால் எத்திவிட்டாலும் நஷ்டம்தான். அதனால வனத்துறை அனுமதியோட போங்க, பாறைத் தேன்கூட்டுக்குக் கீழே சத்தம் போடாதீங்க. கைக்கோடரி பார்க்கணும்னா, பூண்டியிலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கு. கண்ணாடிக்குப் பின்னால், பெயரோடும் ஊரோடும்.