தோலில் வண்ணம் தீட்டுதல்

விலங்கின் தோலில் உளியால் துளையிட்டோ, ஈரத்தோலைக் கருவிகளால் அழுத்திப் புடைப்பு எழுப்பியோ உருவம் அமைத்து, அதற்குச் சாயமோ வண்ணமோ ஏற்றும் கைவினை. தமிழ்நாட்டில் இதன் மூத்த வடிவம், பின்னால் விளக்கெரியும் திரையில் ஆட்டப்படும் தோற்பாவை. கைப்பையிலும் பணப்பையிலும் புத்தக உறையிலும் பூவேலை அழுத்தி, தண்ணீரில் இளக்கிய அக்ரிலிக்கைப் பூசுவது மிக அண்மைக்கால வழக்கம். இரண்டையும் ஒரே தலைப்பில் சேர்ப்பது வசதிக்காகத்தான்; இரண்டிலும் அடியில் கிடக்கும் தோல் வேறு. பாவைக்கு உரியது பச்சைத்தோல், அதாவது பதனிடாதது. அது விளக்கொளியை உள்ளே விடும். ஆகவே அதற்கு ஊறி இறங்கும் சாயம் வேண்டும். பைக்கு உரியது பதனிட்ட தோல். அது ஒளியை மறித்துவிடும். மேலே படலமாய் நிற்கும் வண்ணம் அதற்குப் போதும். இக்கைவினையின் வரலாற்றில் நடந்த மாற்றங்களில் பாதி இந்த வேறுபாட்டிலிருந்து கிளைத்தவை.

தொடக்ககாலம் பற்றிச் சான்றுகள் குறைவு. திருக்குறள் நாணுடைமை அதிகாரத்தில் கயிற்றால் ஆட்டப்படும் பாவை வருகிறது. ஆனால் அது மரப்பாவை.

தமிழகத்தில் தோற்பாவைக்கூத்தின் தோற்றம் குறித்து இரு கருத்துகள் உண்டு. 1676 அளவில் ஏகோஜி தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவியபின் வடக்கிலிருந்து வந்த குடும்பங்களே இக்கலையைக் கொண்டுவந்தன என்பது ஒன்று. கூத்து நடத்தும் கணிகர் சமூகத்தின் மண்டிகர் பிரிவினர் வீட்டில் மராத்தி வழக்கு ஒன்றைப் பேசுவது இதற்கு வலுவான ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஆந்திரத்தின் தோலு பொம்மலாட்டத்திலும் கர்நாடகத்தின் தொகலு கொம்பெயாட்டத்திலும் ஈடுபடும் குடும்பங்கள் பலவற்றிலும் இதே நிலைதான். தென்னாட்டில் முன்பே இருந்த கலையை வந்தவர்கள் கைக்கொண்டிருக்கலாம் என்பது மற்றொரு கருத்து. கம்பராமாயணத்தை அடிப்படையாகக் கொண்டு பாலக்காட்டுப் பகுதிக் கோயில்களில் நடக்கும் கேரளத் தோல்பாவைக்கூத்தை இத்தரப்பினர் எடுத்துக்காட்டுவர். மொழி ஒரு குடும்பம் வந்த வழியைச் சொல்லும். அக்குடும்பத்தின் கையிலுள்ள தொழிலும் அதே வழியில்தான் வந்ததா என்பதை மொழியை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

இருபதாம் நூற்றாண்டுத் தோற்பாவையைப் பற்றிய செய்திகளே ஏராளம். நாகர்கோவிலைச் சேர்ந்த நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா. பெருமாள் தென்மாவட்டக் கூத்துக் குடும்பங்களைக் களத்தில் பின்தொடர்ந்து விரிவாக எழுதியிருக்கிறார். பாவைக்குப் பெருவழக்காய்ப் பயன்படுவது ஆட்டுத்தோல். ஆந்திரத்தில் தெய்வப் பாத்திரங்களுக்கு மான்தோல் பயன்பட்டதாகச் சொல்வர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அது நின்றது. தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, மயிரையும் ஒட்டியிருக்கும் சதையையும் சுரண்டி எடுத்து, நாலாபுறமும் இழுத்து ஆணியடித்துக் காயவைப்பார்கள். காய்ந்தபின் அது தோலாகத் தெரியாது. தட்டினால் தகடுபோல ஒலிக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் தேன்நிறத்தில் ஒளிரும்.

அதன்மேல் உருவத்தைக் கீறி, கோட்டைக் கறுப்பில் முடித்து, அணிகலன் வரும் இடங்களில் உளியால் துளையிடுவர். முடியின் கல், காதோலை, மேகலை, சேலைக் கரை எல்லாமே துளைகள்தாம். ஒளி புகும் வெள்ளைச் சாயம் என்று ஒன்று கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் தோலையே எடுத்துவிடுவதுதான் வழி. ஆகவே பாவைக் கலைஞரிடம் உளியும் ஒரு தூரிகைதான். அவருடைய வெண்மை முழுவதும் அதன் முனையில் இருக்கிறது. மற்ற இடங்களில் தோலின் தேன்நிறம் எந்தச் சாயத்தோடும் சிறிது கலந்துகொள்ளும். நீலம் தனி நீலமாய் வராமல் பச்சை தட்டுவதும், சிவப்பு சூடேறித் தெரிவதும் இதனால்தான். சாயத்தை இருபுறமும் ஏற்றுவார்கள். ஒருபுறம் மட்டும் தீட்டினால் நிறம் வெளிறித் தெரியும். தண்ணீர் மிகுந்தால் பச்சைத்தோல் நெளிந்து வளைந்துவிடும். ஈரம் குறைவாய், நிறம் நிறைவாய் இருக்கவேண்டும் என்பதே இவ்வேலையின் கடினமான பகுதி.

திரைக்குப் பின்னால் எரிந்த விளக்கும் நிறத்தைத் தீர்மானித்தது. எண்ணெய்ச் சுடரில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி, நீலம் அரிது. அவ்வொளியில் சிவப்புச் சேலை தணலாய் ஒளிர, நீலமேனி இராமன் கறுப்பை நெருங்கிவிடுவான். பெட்ரோமாக்ஸும் மின்விளக்கும் வந்தபின் அதே பாவை வேறு பாவையாய்த் தெரிந்திருக்கும். இராமாயணத்தோடு நல்லதங்காள், அரிச்சந்திரன் கதைகளும் திரையேறின. பிள்ளைகள் விழித்திருந்தது பெரும்பாலும் உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் ஆகத்தான். கதைக்குச் சம்பந்தம் இல்லாமல் நடுவில் நுழைந்து வம்பளக்கும் இந்த இருவருக்கும் அணிகலன் கிடையாது. ஆதலால் துளையும் குறைவு. ஒளியின் சிக்கனத்திலேயே அவர்கள் ஏழைகள் என்று தெரிந்துவிடும்.

பழைய பாவைகளில் இருந்தது மூலிகைச் சாயமா, கடைச்சாயமா என்பதில் உடன்பாடு இல்லை. விளக்குக்கரியும் தாவரச் சாறும்தான் மரபு என்று கைவினைக் கண்காட்சிகளில் சொல்லப்படுகிறது. முற்காலத்துக்கு அது பொருந்தலாம். 1856இல் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டபின் உலகச் சந்தைகளெங்கும் சாயப்பொடி மலிந்தது. இருபதாம் நூற்றாண்டுப் பாவைகள் பலவற்றின் பளிச்சென்ற சிவப்பும் பச்சையும் அந்தப் பொடியையே நினைவூட்டுகின்றன.

கேரளப் பாவை நிறத்தை நாடவில்லை. அங்கு தோல் ஒளியை மறிக்கும். தேங்காய் மூடிகளில் வரிசையாய் எரியும் 21 விளக்குகளின் முன் அது கரிய நிழலாகவும் துளைகளின் புள்ளிக்கோலமாகவும் விழும். சாவகத்தின் வயாங் குளித் இன்னும் விசித்திரமானது. எருமைத்தோலில் செதுக்கிய அப்பாவையும் திரையில் கரிய நிழல்தான். ஆனால் அதற்கு மேனியெங்கும் பொன்னும் வண்ணமும் உண்டு. ஆட்டுவிப்போனின் பக்கம் அமர்ந்து பார்ப்பவர்க்கே அந்த அழகு கிட்டும். செதுக்குவதைத் தாத்தாஹ் என்றும் வண்ணம் தீட்டுவதைச் சுங்கிங் என்றும் தனித்தனித் தொழிலாய் அங்கே பிரித்திருக்கிறார்கள். வெளிர்நிறத்தில் தொடங்கிப் படிப்படியாய் அடர்த்தி கூட்டி, பட்டை பட்டையாய் நிறம் ஏற்றுவது சுங்கிங்கின் இலக்கணம். முன்பு வச்சிரப் பசையில் குழைத்த நிறமிகள் இருந்த இடத்தில் இன்று தண்ணீரில் இளக்கிய அக்ரிலிக் பெரிதும் இடம்பிடித்துள்ளது.

தோலின்மேல் மெல்லிய அடுக்குகளை ஏற்றும் அறிவு தமிழ்நாட்டுக்கும் புதிதன்று, அது ஓவியத்துக்காக வளர்ந்ததில்லை என்றாலும். கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டிப் பலாமரம் மிருதங்கக் கட்டைக்குப் பெயர் பெற்றது. அக்கட்டையில் மூட்டும் வலந்தலைத் தோலின் நடுவே கரணை இடுவார்கள். கிட்டக்கல் பொடியைச் சோற்றோடு பிசைந்து, ஒரு சிட்டிகை வைத்து, கல்லால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி ஒரு சிட்டிகை. ஒரே தடவையில் கனமாய் அப்பினால் பெயர்ந்து விழும். மெல்லிய அடுக்குகளாய் ஏற்றித் தேய்ப்பதால் நுண்ணிய விரிசல்கள் விழுந்து, தோல் அதிரும்போது கரணையும் உடன் அதிர்கிறது. நெளியும் பரப்பில் கெட்டியான பூச்சை எப்படி நிறுத்துவது என்ற கேள்விக்கு அக்ரிலிக் புட்டிகள் வருமுன்பே இங்கு ஒரு விடை இருந்தது.

பதனிட்ட தோலின் கதை வேறு திசையில் செல்கிறது. வறண்ட நிலத்தில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரையின் பட்டையும் கடுக்காயும் தமிழகத்துப் பதனிடலின் மூலப்பொருள்கள். பிச்சாவரத்துச் சுரபுன்னைப் பட்டையிலும் தோலைப் பதனாக்கும் துவர்ப்புச் சத்து உண்டு. 1840களில் புதுச்சேரித் தொடர்புடைய சார்லஸ் டி சூசா என்ற யூரேசியர் நாட்டு முறையைச் சீர்திருத்தினார் என்று தொழில் வரலாறுகள் கூறுகின்றன. அவ்வழியில் வந்த தோல் கிழக்கிந்தியத் தோல் என்று பொருள்படும் ‘ஈ.ஐ.’ என்ற பெயரில் இலண்டன் சந்தைக்குச் சென்றது. இன்று அது புவிசார் குறியீடு பெற்ற பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடலைப் புகுத்தினார். 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. 1970களில் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் முடித்த தோலும் காலணியுமே பெருந்தொழிலாயின.

குரோம் தோல் மிருதுவானது, சீக்கிரம் முடிவது, செருப்புக்கும் மேலங்கிக்கும் ஏற்றது. ஆனால் ஈரப்படுத்தி அச்சு அழுத்தினால் அழுத்தம் நிற்காது. கையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். பட்டையில் பதனிட்ட தோல் அழுத்தியதை அழுத்தியபடியே வைத்துக்கொள்ளும். ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் உலகுக்குத் தோல் அனுப்பியும், புடைப்பு வேலையும் அதன்மேல் வண்ணமும் அங்கே பெருங்கைவினையாய் வளராததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஐரோப்பாவில் ஸ்பெயினின் கோர்தோபா நகரம் இவ்வேலைக்குப் பழம்பெயர் பெற்றது. தோலில் வெள்ளித்தகடு ஒட்டி, மேலே மஞ்சள் மெருகெண்ணெய் பூசினால் பொன்னாய்த் தெரியும். அதில் முத்திரை குத்தி எண்ணெய் வண்ணம் தீட்டிச் சுவர்களை மூடினார்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் அதில் முந்தினர். கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் துணி வாங்கிய அதே டச்சுக் கம்பெனி அப்பொற்தோல்களை ஜப்பானுக்குக் கொண்டுபோக, ஜப்பானியர் அதைத் துண்டாக்கிப் புகையிலைப் பை தைத்துக்கொண்டனர். பிறகு அதைப் போலவே காகிதத்திலும் செய்தார்கள்.

இந்தியாவில் பிகானேரின் உஸ்தா கலைஞர்கள் ஒட்டகத்தோல் குப்பிகளில் பூவேலையைப் புடைப்பாய் எழுப்பிப் பொன்னும் வண்ணமும் ஏற்றினர். அவர்களில் ஹிசாமுத்தீன் உஸ்தா 1986இல் பத்மஸ்ரீ பெற்றார். வங்கத்தில் 1922இல் தொடங்கிய ஸ்ரீநிகேதனைச் சார்ந்து, ரதீந்திரநாத் தாகூர், பிரதிமா தேவி ஆகியோரின் முயற்சியால் சாந்திநிகேதன் தோல்வேலை உருவாயிற்று. தாவரப் பதம் செய்த ஆட்டுத்தோலில் கோலம் அழுத்திச் சாயமிட்ட அப்பைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. கல்லூரிப் பெண்களின் தோளில் அவற்றைத் தமிழ்நாட்டிலும் காணலாம்.

தண்ணீரில் இளகும் அக்ரிலிக் வண்ணம் 1950களின் நடுவில் அமெரிக்காவில் லிக்விடெக்ஸ் என்ற பெயரில் ஓவியர் கைக்கு வந்தது. நிறமித்தூளைத் தாங்கும் பிசின் நுண்துளிகள் தண்ணீரில் மிதக்கும். தண்ணீர் ஆவியானதும் துளிகள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து வளையக்கூடிய படலமாகும். மறுபடி நனைத்தால் கரையாது. தோலுக்கு இது பொருந்துவது அந்த வளைவுத்தன்மையால். இந்தியாவில் ஃபெவிக்ரில், கேமல் புட்டிகள் துணி ஓவியத்துக்காகவே முதலில் வீடுகளுக்குள் வந்தன. தோல் அவற்றுக்குப் பின்னால் சேர்ந்த விருந்தாளி.

செய்முறை எளிது, பொறுமை அதிகம். தோலை நனைத்து, ஈரம் பாதி இறங்கியபின் கோட்டைக் கத்தியால் கீறி, கோட்டின் ஒருபுறத்தை முத்திரையால் தாழ்த்தினால் இதழ் மேலெழும். முற்றிலும் உலரவேண்டும். மேற்பரப்பின் எண்ணெய்ப்பசையையும் மெருகையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால்தான் வண்ணம் பிடிக்கும். புட்டியிலிருந்து அப்படியே எடுத்துப் பூசினால் பள்ளங்கள் நிரம்பிப் புடைப்பு மழுங்கும். பையை மடிக்கும்போது வெடிக்கும். பால்போல் இளக்கி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்ததாய் மூன்று நான்கு தடவை ஏற்றினால் தோலின் மயிர்க்கண்கள்கூட அடியில் தெரியும். தண்ணீரை அளவுமீறிச் சேர்த்தாலும் கேடுதான். பிசின் பிடிமானம் இழந்து, நகம் பட்டால் நிறம் பொடியாய் உதிரும். இளக்கிய வண்ணம் முத்திரைப் பள்ளத்தில் தேங்கி இருண்டு, மேட்டில் வெளுத்து நிற்பது முதலில் பிழைபோலத் தோன்றும். அதை அப்படியே விட்டுவிடுவது கைப்பழக்கம் உள்ளவர் வழக்கம், நிழல் தானாகவே விழுந்துவிடுவதால்.

சென்ற சில ஆண்டுகளில் வெண்ணிறக் காலணிகளில் படம் தீட்டித் தருவது நகரங்களில் பரவியுள்ளது. தோற்பாவைக்கூத்துக் குழுக்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைந்துவிட்டன. ஆந்திரத்தில் தர்மாவரத்தை அடுத்த நிம்மலகுண்டாவில் கூத்து சுருங்கினாலும் தோல் ஓவியம் பிழைத்துக்கொண்டது. அவ்வூர்க் கலைஞர் தளவாயி சலபதி ராவ் 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். அங்கே பாவை செய்த கைகள் இப்போது அதே ஆட்டுத்தோலில் விளக்குக் கூடுகள் செய்கின்றன. கூட்டுக்குள்ளே குமிழ் எரியும். ஒளியை மறிக்கும் கெட்டியான அக்ரிலிக்குக்கு அங்கே வேலையில்லை. துளையும் ஊறும் சாயமுமே தொடர்கின்றன.