ஏலம் போன இசைச் செல்வம்: பீத்தோவன் விட்டுச் சென்ற தாள்களின் வரலாறு

திருவிழா முடிந்ததும் காணிக்கைப் பொருள்கள் கோவில் முற்றத்தில் ஏலம் விடப்படுவதை நாம் அறிவோம். ஒரு வாழைக்குலை சந்தையில் பெறும் விலை ஒன்று. அந்த முற்றத்தில் அது பெறும் விலை வேறொன்று. பொருளின் விலை வேறு, அதன் மதிப்பு வேறு என்பது நமக்குப் புதிய பாடமன்று. இந்த உண்மை உலகம் போற்றும் ஓர் இசைமேதையின் கையெழுத்து ஏடுகளிலும் கடிதங்களிலும் எவ்வாறு விளங்கிற்று என்பதை இக்கட்டுரையில் சற்றே காண்போம்.

லுட்விக் வான் பீத்தோவன் ஜெர்மனி நாட்டின் பான் நகரில் பிறந்தவர். 1770 டிசம்பர் 17-ஆம் நாள் அந்நகரின் புனித ரெமிகியுஸ் பங்கில் ஞானஸ்நானம் பெற்றார். இளமையிலேயே வியன்னா சென்று புகழ் பெற்றார். முப்பது வயதை எட்டும் முன்னரே செவிப்புலன் குன்றத் தொடங்கியது. இறுதியில் முற்றிலும் கேளாமல் போயிற்று. ஆயினும் இசை எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. ஒரு காலத்தில் பெனடிக்டின் துறவியரின் மடமாயிருந்த வீட்டில் தம் கடைசி நாள்களைக் கழித்தார். 1827 மார்ச் 24-ஆம் நாள் கடைசித் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று, 26-ஆம் நாள் உயிர் நீத்தார். அவருடைய அடக்கச் சடங்குக்கு வியன்னா நகர மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர்.

ஆயிரத்து நூற்று நாற்பது ஃப்ளோரின்

அவருக்கு மனைவி மக்கள் இல்லை. அண்ணன் தம்பி பிள்ளை கார்ல் ஒருவனே வாரிசு. ஆகவே வீட்டிலிருந்த பொருள்கள் யாவும் கணக்கெடுக்கப்பட்டன. அச்சேறிய படைப்புகளின் மூல ஏடுகள், அச்சேறாதவை, குறிப்பு நோட்டுகள் என்று இசைத் தாள்கள் குவிந்து கிடந்தன. 1827 நவம்பர் மாதம் வியன்னாவில் அவை ஏலத்திற்கு வந்தன. வாங்க வந்தோரில் முதன்மையானவர்கள் ஆர்ட்டாரியா, ஹாஸ்லிங்கர் போன்ற இசைநூல் பதிப்பாளர்கள்.

ஒரு மாமேதையின் வாழ்நாள் உழைப்பு அன்று பெற்ற மொத்த விலை ஏறக்குறைய 1,140 ஃப்ளோரின். அவர் சேமித்து வைத்திருந்த ஏழு வங்கிப் பங்குகளின் மதிப்பு இதைப்போல் பல மடங்கு! வங்கிப் பங்கின் மதிப்பை யாரும் கணக்கிடலாம். கறைபடிந்த, அடித்துத் திருத்திய தாளின் மதிப்பை அன்று கணக்கிட எவரிடமும் அளவுகோல் இல்லை. பதிப்பாளர்களுக்கோ இன்னும் அச்சேறாத இசை ஏதேனும் கிடைக்குமா என்பதே கவலை.

இதன் விளைவு என்ன? பீத்தோவன் வீடு மாறும் போதெல்லாம் பத்திரமாய்ச் சுமந்து சென்ற குறிப்பு நோட்டுகள் பல கைகளுக்குப் போயின. வாங்கியவர் சிலர் தாள்களைக் கிழித்து நண்பர்களுக்கு நினைவுப் பொருளாகக் கொடுத்தனர். சிலர் ஒவ்வொன்றாக விற்றனர். பிரிந்து போன தாள்களை ஒன்றுசேர்க்க அறிஞர்கள் பிற்காலத்தில் பட்ட பாடு கொஞ்சமன்று. காகிதத்தின் நீர்க்குறி, தையல் ஊசித் துளை, ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிய மைக்கறை இவற்றைக் கொண்டே எந்தத் தாள் எந்த நோட்டைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்தனர். அந்த ஆய்வு 1985-இல் பெரு நூலாக வெளிவந்தது.

கடிதங்கள் சொல்லும் கதை

இசைத் தாள்களோடு அவர் உள்ளத்தைத் திறந்து காட்டும் எழுத்துகளும் கிடைத்தன. 1802 அக்டோபர் மாதம் ஹைலிகன்ஷ்டாட் என்னும் ஊரிலிருந்து தம் சகோதரர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். காது கேளாமையால் தாம் மனிதரை விட்டு ஒதுங்க நேர்ந்ததையும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை சென்றதையும், கலையே தம்மைத் தடுத்து நிறுத்தியதையும் அதில் மனம் விட்டுச் சொல்கிறார். அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவேயில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் தம்மிடமே வைத்திருந்தார். இறந்த பிறகே பிறர் கண்ணில் பட்டது. பல கைகள் மாறிய பின், பாடகி ஜென்னி லிண்டின் கணவர் ஆட்டோ கோல்ட்ஷ்மிட் அதை 1888-இல் ஹாம்பர்க் நகருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். இன்றும் அங்குள்ள நூலகத்தில் அது காக்கப்படுகிறது.

செவி கேளாத அவரிடம் பேச வந்தவர்கள் ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவார்கள்; அவர் வாயால் பதில் சொல்வார். அந்த உரையாடல் நோட்டுகளை அவருடைய உதவியாளர் ஷிண்ட்லர் எடுத்துச் சென்று, 1846-இல் பெர்லின் அரச நூலகத்திற்குக் கொடுத்தார். ஆனால் தமக்கும் பீத்தோவனுக்கும் மிகுந்த நெருக்கம் இருந்ததாகக் காட்டிக்கொள்ள, ஷிண்ட்லர் பல வரிகளைத் தாமே பின்னாளில் எழுதிச் சேர்த்தார் என்பது 1977-இல் அம்பலமாயிற்று. காப்பவன் கை தூய்மையாயிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அலமாரியில் கிடந்த எண்பது பக்கம்

இனி ஓர் ஏட்டின் பயணத்தை மட்டும் தொடர்ந்து பார்ப்போம். பீத்தோவன் எழுதிய நால்வர் இசை ஒன்றின் இறுதிப் பகுதி "பெரும் ஃபியூக்" எனப்படும். 1826 மார்ச் மாதம் முதன்முறை வாசிக்கப்பட்டபோது கேட்டவர்களுக்கு அது விளங்கவில்லை. ஒரே பியானோவில் இருவர் சேர்ந்து வாசிக்கும்படி அதை அவரே திரும்ப எழுதினார். அதுவே அவரது கடைசிக் காலப் பணிகளுள் ஒன்று.

அந்த ஏடு 1890-இல் பெர்லினில் ஏலத்திற்கு வந்தது. அதன் பின் அது எங்கே போயிற்று என்பது அறிஞர்களுக்கு எட்டவில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத் தொழிலதிபரும், பல கிறிஸ்தவ கீதங்களுக்கு இசை அமைத்தவருமான வில்லியம் ஹோவர்ட் டோன் அதைப் பெற்றிருந்தார். பின்னாளில் அவருடைய மகள் வழியாகப் பென்சில்வேனியாவிலுள்ள பாப்டிஸ்ட் சபையாரின் இறையியல் கல்லூரி ஒன்றுக்கு அது வந்து சேர்ந்தது. வந்தது வந்தபடியே மறக்கப்பட்டும் போயிற்று! 1990-இல் அதே கல்லூரியின் இரும்புப் பெட்டியில் மொசார்ட்டின் கையெழுத்து ஏடு ஒன்று கிடைத்து வியப்பூட்டியது. அப்போதும் இந்த ஏடு யார் கண்ணிலும் படவில்லை. 2005 ஜூலையில் நூலகர் ஒருவர் பழைய அலமாரியைச் சுத்தம் செய்கையில்தான் வெளிப்பட்டது.

மொத்தம் 80 பக்கங்கள். கறுப்பு மை, பழுப்பு மை, பென்சில், சிவப்பு வண்ணக்கோல் எல்லாம் கலந்து கிடக்கின்றன. சில இடங்களில் சுரண்டி அழித்ததில் தாளே ஓட்டையாகிவிட்டது. சில இடங்களில் திருத்திய துண்டை அரக்கு வைத்து ஒட்டியிருக்கிறார். தம் இசையைத் தாமே கேட்க முடியாத ஒரு மனிதர் எத்தனை முறை அடித்து எழுதினார் என்பதை அச்சுப் புத்தகம் நமக்குச் சொல்லாது. இந்தத் தாள்தான் சொல்லும்.

2005 டிசம்பர் முதல் நாள் லண்டனில் ஸதபீஸ் நிறுவனம் இதை ஏலம் விட்டது. விலை 11 இலட்சத்து 28 ஆயிரம் பவுன். பீத்தோவனின் வீட்டுத் தாள்கள் அனைத்துக்கும் 1827-இல் கிடைத்த தொகையை எண்ணிப் பாருங்கள்! வாங்கியவர் இதைப் பூட்டி வைத்திருந்தால் ஏடு மறுபடியும் மறைந்திருக்கும். அமெரிக்கச் செல்வர் புரூஸ் கோவ்னர் அவ்வாறு செய்யவில்லை. இதையும் சேர்த்து 139 ஏடுகளை நியூயார்க் நகரின் ஜூலியார்டு இசைக் கல்லூரிக்கு 2006-இல் நன்கொடையாக அளித்தார். இன்று எந்த ஊர் மாணவரும் அதன் பக்கங்களைக் கணினியில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

அந்த நால்வர் இசையின் மற்றொரு பகுதிக்கு நேர்ந்தது வேறு. செக் நாட்டு யூதக் குடும்பமான பெட்ஷெக் குடும்பத்தாரிடம் அதன் நான்காம் பகுதி இருந்தது. நாஜிகளின் ஆட்சியில் அது அவர்கள் கையை விட்டு, பர்னோ நகர அருங்காட்சியகத்தில் பல்லாண்டு இருந்தது. 2022-இல்தான் வாரிசுகளுக்கு உரிமையாகத் திரும்பிற்று. தாளின் மதிப்பைப் பேசும்போது, அது யாருக்கு உரியது என்ற நீதியையும் மறவாமல் பேச வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

நமக்கு ஒரு சொல்

பீத்தோவன் தம் "மிஸ்ஸா சொலம்னிஸ்" என்னும் பாடற்பூசையை, பேராயராகப் பதவியேற்க இருந்த தம் மாணவர் ருடால்ஃப் இளவரசருக்காக எழுதத் தொடங்கினார். 1820-இல் நடந்த பதவியேற்பு விழாவுக்கு அது முடியவில்லை. 1823-இல்தான் முடித்துக் கொடுத்தார். விழா கடந்தாலும் வேலையை அரைகுறையாய் விட அவர் மனம் ஒப்பவில்லை. அந்தப் பொறுமையின் சுவடுகளும் அவருடைய கையெழுத்துத் தாள்களில்தான் இருக்கின்றன.

ஆகவே, ஏலத்தின் பெருந்தொகை ஓர் ஏட்டைக் காப்பதில்லை. அதை இன்னதென்று அறிந்து, பெயரெழுதி, பிறரும் காணும்படி வைப்பவரே காக்கிறார். அறியாதவர் கையில் அது 1827-இல் சிதறியது. மறந்தவர் அலமாரியில் பல பத்தாண்டு உறங்கியது.

நம் வீட்டுப் பெட்டிகளிலும் பழைய பாடகர் குழுவின் கையெழுத்துப் பாட்டு நோட்டுகளும், குருக்களும் கன்னியரும் எழுதிய கடிதங்களும் இருக்கக்கூடும். அவை பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எழுதியவர் பெயரையும் ஆண்டையும் உறையின் மேல் குறித்து வையுங்கள். ஒரு நகலெடுத்துப் பங்கு அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். நம் முன்னோருக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் அதுவாக அமையட்டும்.