நெய் வேண்டாம்ணே

வீகன் என்பதற்குத் தமிழில் 'நனிசைவம்' என்று ஒரு சொல் புழங்குகிறது. நல்ல சொல்தான். ஆனால் திருத்தணி மலையடிவாரத்தில் ஏதாவது ஒரு ஓட்டலில் உட்கார்ந்து "நனிசைவம் இருக்காண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். சப்ளையர் ஒரு நிமிஷம் யோசிப்பார். அப்புறம் "இங்க எல்லாமே சைவம்தான் தம்பி, முட்டைகூட உள்ள வராது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பொங்கல்மேல் இன்னொரு கரண்டி நெய்யை விடுவார். அவர்மேல் தப்பில்லை. அவருக்குத் தெரிந்த அகராதியில் சைவத்தின் உச்சமே அந்த நெய்தான்.

நான் அந்த ஊர்க்காரன். பால்குடமும் பால்காவடியும் பார்த்து வளர்ந்தவன். ஆடிக் கிருத்திகை அன்று 365 படிகளிலும் மனிதத் தலைகளுக்கு மேலே பித்தளைச் செம்புகள் ஏறிப் போகும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, நாலு வருஷமாகப் பாலைத் தொடுவதில்லை. சென்னைக்கு வேலைக்கு வந்தபின் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி: "இவ்ளோ பெரிய சிட்டில நீ எங்கடா சாப்பிடுற?" ரெண்டு மூணு கடைப்பெயர் சொன்னால் முடிந்துவிடும். ஆனால் ஏன் அந்தக் கடைகள், ஏன் மற்றவை இல்லை என்று யோசிக்க ஆரம்பித்தால் அது நம்முடைய சாப்பாட்டு வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது.

சைவம் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். மரபாகத் திருத்தணியை 'குன்றுதோறாடல்' என்று திருமுருகாற்றுப்படையோடு சேர்த்துச் சொல்வார்கள். அந்த நூலின் பழமுதிர்சோலைப் பகுதியில் முருகனுக்குப் படைப்பது என்ன தெரியுமா? கிடாயின் ரத்தம் கலந்த வெள்ளரிசி. இன்று தணிகை மலையில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம் ஊர்க் கடவுளே ஒரு காலத்தில் சைவம் இல்லை. பிற்காலத்தில் அவர் கைக்கு வந்த வள்ளியின் தேனும் தினைமாவும்கூட வீகன் கணக்கில் தேறாது. தேன் தேனீக்களுடையது.

வள்ளுவரும் இந்த விஷயத்தில் நமக்கு முழுத் துணை வருவதில்லை. புலால் மறுத்தலுக்கு ஒரு முழு அதிகாரமே ஒதுக்கியவர், காமத்துப்பாலில் காதலியின் வாயூறும் நீருக்கு உவமை தேடும்போது எடுப்பது பாலையும் தேனையும்தான். கொல்லாமையை அவ்வளவு கறாராகப் பேசியவருக்கும் பால் ஒரு கேள்வியாகவே எழவில்லை. அதை அவருடைய குறை என்று சொல்ல மாட்டேன். மேற்கிலேயே 1944-இல்தான் டொனால்ட் வாட்சனும் அவர் நண்பர்களும் பால், முட்டை, தேன் எல்லாவற்றையும் விலக்குகிறவர்களுக்குத் தனியாகப் பெயர் வேண்டும் என்று 'வீகன்' என்ற சொல்லை உண்டாக்கினார்கள்.

ஆனால் சொல்லுக்கு முன்பே அந்தச் சங்கடம் இருந்தது. அதுவும் தெருவிலேயே இருந்தது. பழைய மெட்ராஸில் பால்காரர் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுப்பார். கன்று செத்துப்போயிருந்தால் அதன் தோலில் வைக்கோலை அடைத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். மாடு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். பெரியவர்கள் யாரையாவது கேளுங்கள், "ஆமாம்பா, பாத்திருக்கேன்" என்பார்கள், கொஞ்சம் முகம் சுளித்தபடி. முகம் சுளித்தார்கள், பாலையும் வாங்கிக்கொண்டார்கள். காந்திக்கு அந்தச் சுளிப்பு கொஞ்சம் அதிகம். கல்கத்தாவில் மாட்டிடமிருந்து கடைசிச் சொட்டுப் பாலையும் கறக்கச் செய்யும் கொடுமைகளைப் பற்றிப் படித்தவர், 1912-இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலையே விட்டார். பிறகு கடுமையாக நோயுற்றுக் கிடந்தபோது, "மாட்டுப் பாலுக்குத்தானே விரதம், ஆட்டுப் பால் குடிக்கலாமே" என்று கஸ்தூர்பா வழி சொல்ல, அதற்கு இணங்கினார். விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரை விட்டுவிட்டேன் என்று கடைசிவரை அது அவரை உறுத்தியது. நானும் பலமுறை ஃபில்டர் காபி வாசனைக்கு முன்னால் நின்று அவரை நினைத்துக்கொண்டதுண்டு.

சரி, மெட்ராஸ் ஓட்டல்களுக்கு வருவோம். நகரத்தில் சைவ ஓட்டல் என்பது மிருகத்தைப் பற்றிய கவலையிலிருந்து பிறந்ததில்லை. யார் சமைத்தார், யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்கிற கவலையிலிருந்து பிறந்தது. 'பிராமணாள் காபி கிளப்' என்ற பலகைக்கு அர்த்தம் அதுதான். ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்கு வேறு இடம் என்றிருந்த வழக்கம் பெரியார் இயக்கத்தின் தொடர் எதிர்ப்புக்குப் பிறகு 1941-இல்தான் போனது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். பலகையில் இருந்த ஒரே ஒரு சொல்லை எடுக்கச் சொல்லி நாள்தோறும் ஆட்கள் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் இறங்கியது.

இன்னொரு பக்கம் உடுப்பிக்காரர்கள். சமையல்கட்டில் எடுபிடியாகத் தொடங்கிய கே. கிருஷ்ண ராவ் மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ் நடத்தினார், பிறகு உட்லண்ட்ஸைக் கட்டியெழுப்பினார். 1962-இல் கதீட்ரல் சாலையில் வந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் 2008-இல் மூடியது. இப்போது அந்த இடம் செம்மொழிப் பூங்கா. 1981-இல் கே.கே. நகரில் சரவண பவன். பிராமணர் அல்லாத ஒருவர் முருகன் பெயரைச் சொல்லி நடத்திய சைவ ஓட்டல் நகரம் முழுக்கப் பரவியது பெரிய சமூக மாற்றம்தான். மாறாதது ஒன்று: 'உயர்தர சைவம்' என்ற பலகை. அந்த 'உயர்தர' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது பாலும் நெய்யும். நெய் ரோஸ்ட், பட்டர் ரோஸ்ட், பனீர், ரசமலாய். விலை ஏற ஏறப் பசு கூடவே வருகிறது.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பாலும் நெய்யும் எப்போதும் காசு உள்ளவர் சாப்பாடு. அதனால் சென்னையில் வீகனுக்குச் சோறு கிடைப்பது பெரும்பாலும் மலிவான இடங்களில். டால்டா கதையே போதும். நெய் வாங்க வழியில்லாதவர்களுக்கு வந்த வனஸ்பதி அது. அதில் செய்த மைசூர்பாகைத் தாத்தாக்கள் கேவலமாகப் பார்த்தார்கள். பாலே கலக்காத இனிப்பு நம் ஊரில் அப்படி வறுமை வழியாகத்தான் வந்தது. 'சுத்தமான நெய்யில் செய்தது' என்ற பலகையைப் பார்த்தால் நான் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவேன்.

எங்கே போகலாம் என்று கேட்பவர்களை நான் சென்ட்ரலில் இறங்கி நடக்கச் சொல்வேன். முதலில் ராசப்ப செட்டித் தெரு, கந்தகோட்டம். வள்ளலார் சிறுவயதில் பாடிய கோயில். பக்கத்தில் ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவில்தான் அவர் வளர்ந்தார். வீட்டு மாடியில் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தபோது அதில் தணிகை முருகனைக் கண்டார் என்பது மரபு. திருவருட்பாவின் ஐந்தாம் திருமுறையில் எங்கள் ஊர் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. கொலையையும் புலாலையும் அவ்வளவு கண்டித்தவர், புலால் உண்கிறவனுக்கும் பசி என்று வந்தால் சோறு போடத்தான் வேண்டும் என்றார். நண்பனின் பிரியாணித் தட்டைப் பார்த்துப் பாடம் எடுக்கும் வீகன்கள் (அந்தக் கூட்டத்தில் எனக்கும் சில பேரைத் தெரியும்) இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

அங்கிருந்து மின்ட் தெரு, சௌகார்பேட்டை. நடக்க அருமையான இடம், சாப்பிடக் கஷ்டமான இடம். ஜைனர்கள் மண்ணுக்கடியில் விளையும் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும்கூட உயிர்களை எண்ணி விலக்குகிறவர்கள். ஆனால் தெரு முழுக்க ரபடி, லஸ்ஸி, நெய்யில் மிதக்கும் ஊத்தப்பம். அகிம்சையை இவ்வளவு தூரம் யோசித்த ஒரு மரபில் பால் மட்டும் எப்படித் தப்பித்தது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம். மாட்டைக் கொல்லாமலே பால் கிடைக்கிறது என்பது பழைய பதில். பால் வற்றிய மாடும் காளைக்கன்றும் எங்கே போகின்றன என்று அந்தப் பதில் கேட்பதில்லை.

அங்கே பசியைத் தாங்க முடியாவிட்டால் பக்கத்தில் அம்மா உணவகம் எங்கே என்று கேளுங்கள். 2013 பிப்ரவரியில் மாநகராட்சி தொடங்கியது. ஒரு ரூபாய் இட்லி, சாம்பார். யாரும் நெய் விட வர மாட்டார்கள். இந்த நகரத்தில் ஆடம்பரமான வீகன் கஃபேக்களும் உண்டு. ஓட்ஸ் பால் காபி, முந்திரி சீஸ் எல்லாம் கிடைக்கும். பிறந்தநாளுக்குப் போகலாம். சம்பளம் வந்த முதல் வாரத்துக்கு அப்புறம் எனக்கு ஒரு ரூபாய் இட்லிதான் வீகன் கஃபே. சாயங்காலம் என்றால் மெரினாவின் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல். வெயில் காலத்தில் தள்ளுவண்டிக் கூழ், ஆனால் கரைக்கும் முன்பே "மோர் ஊத்தாதீங்கக்கா" என்று சொல்லிவிட வேண்டும். பச்சை மிளகாயும் வெங்காயமும் போதும்.

ஊருக்குப் போனாலும் இதே வித்தைதான். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாறியதே தவிர நாக்கு மாறவில்லை. பருப்புப்பொடியும் கோங்குரா தொக்கும் இன்னும் எங்கள் வீட்டு இலையில் உண்டு. பொடிக்கு நெய் என்பது வழக்கம், நான் நல்லெண்ணெய் கேட்பேன். முதல் வருஷம் அம்மா அழாத குறை. இப்போது அவரே எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, "உனக்குன்னு தனியா ஒரு சாமி" என்று முணுமுணுக்கிறார். மலைக்கோயிலில் 2021 செப்டம்பரிலிருந்து நாள் முழுவதும் அன்னதானம். சாம்பார், ரசம் வரைக்கும் பிரச்சினை இல்லை. மோர் வரும்போது இலைமேல் கையை வைத்துவிடுவேன்.

சென்னை நடையில் ஒரு இடம் பாக்கி. பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் அத்தோ வண்டிகள். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளை அரசுடைமையாக்க, தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். வெறுங்கை என்றாலும் கைப்பக்குவம் கூட வந்தது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், நொறுக்கிப்போட்ட வறுவல் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அந்த நாட்டில் மீன் போட்டுக் காய்ச்சும் சூப்பின் வழி வந்தது அது, அதனால் அதைக் குடிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அத்தோவுக்கும் முட்டை வேண்டாம் என்று வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும். உங்கள் முறை வந்தபிறகு சொல்ல அவகாசம் இருக்காது, அவ்வளவு வேகமான கை.