பொன்ஸியைப் பிடித்த பத்திரிகைக்கு எந்தப் பிரிவில் விருது?

வணிக, நிதி இதழியலுக்கென்றே அமெரிக்காவில் ஒரு விருது இருக்கிறது. ஜெரால்ட் லோப் விருது. அதன் பிரிவுகளைப் பார்த்தால் புலனாய்வு, விளக்கக் கட்டுரை, உடனடிச் செய்தி, கருத்துப் பத்தி, உள்ளூர்ச் செய்தி, தனிநபர் நிதி, காணொளி என்று நீண்டுகொண்டே போகும். விருதுப் பட்டியலை உட்கார்ந்து வாசிக்க யாருக்கு ஆசை வரும்? எங்களுக்கும் முதலில் வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் விடாமல் நின்றது. இந்தப் பிரிவுகள் ஒன்றுமே இல்லாத காலத்தில் ஒரு காசு மோசடியைப் பத்திரிகை வெளிக்கொண்டு வந்தால், அதை எதற்குள் போட்டிருப்பார்கள்?

1920, பொஸ்டன் நகரம். சார்ள்ஸ் பொன்ஸி என்ற இத்தாலியக் குடியேறி, காசு போட்டால் 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொன்னார். அவர் காட்டிய வழி சர்வதேச பதில் கூப்பன். கடிதம் அனுப்புகிறவர் பதிலுக்கான முத்திரைச் செலவையும் சேர்த்து அனுப்ப உதவுகிற ஒரு துண்டு அது. போருக்குப் பிறகு இத்தாலிக் காசின் பெறுமதி விழுந்து கிடந்தது. அங்கே கூப்பனை மலிவாக வாங்கி அமெரிக்காவில் முத்திரையாக மாற்றினால் லாபம்தானே? கடதாசியில் கணக்குச் சரி. நடந்ததோ வேறு: புதிதாக வந்த ஆக்களின் காசை எடுத்துப் பழைய ஆக்களுக்குக் கொடுத்தார். எங்கட மத்திய வங்கி இன்றைக்கும் எச்சரிக்கிற பிரமிட் திட்டங்களுக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன்.

ஜூலை 24ஆம் திகதி 'பொஸ்டன் போஸ்ட்' பத்திரிகை அவரைப் பற்றி முதல் பக்கத்தில் எழுதியது. மோசடி என்று இல்லை, புகழ்ச்சியாக! அதன் பிறகு பொன்ஸியின் அலுவலகத்துக்கு முன்னால் கூட்டம் இன்னும் கூடியது. ஆனால் பத்திரிகையை நடத்திய ரிச்சர்ட் குரோசியருக்குச் சந்தேகம் விடவில்லை. நிதி எழுத்தாளர் கிளாரன்ஸ் பாரனிடம் கணக்கைப் பார்க்கச் சொன்னார்கள். பாரன் செய்தது வெறும் கூட்டல் பெருக்கல்தான். பொன்ஸி வாங்கிய காசுக்கு 16 கோடி கூப்பன்கள் தேவை. உலகத்தில் புழக்கத்தில் இருந்ததோ சுமார் 27,000. விஷயம் அவ்வளவுதான். ஓகஸ்ட் 2ஆம் திகதி பொன்ஸியின் சொந்த விளம்பர ஆலோசகரே அதே பத்திரிகையில் அவர் வங்குரோத்து என்று எழுதினார். சில நாட்களில், முன்பு மொன்றியலில் கள்ளக் கையெழுத்துக்காக அவர் சிறையில் இருந்த கதையும் வந்தது. உடனேயே கைதானார்.

1921இல் 'போஸ்ட்'டுக்குப் புலிட்சர் விருது கிடைத்தது. பிரிவு: பொதுச் சேவை. எங்களுக்கு இது பிடித்திருக்கிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தவனின் காசை 'வணிகச் செய்தி' என்று ஓர் ஓரத்துப் பக்கத்துக்கு ஒதுக்காமல், ஊருக்கே பொதுவான விஷயமாகப் பார்த்திருக்கிறார்கள். புலிட்சரில் இன்றைக்கும் வணிகத்துக்கென்று தனிப் பிரிவு கிடையாது.

'போஸ்ட்' 1956இல் மூடப்பட்டது. அடுத்த வருஷம், 1957இல், லோப் விருது தொடங்கியது. தொடக்கியவர் பத்திரிகைக்காரர் இல்லை. ஜெரால்ட் லோப் ஒரு பங்குத் தரகர். தனி முதலீட்டாளருக்கும் பொதுமக்களுக்கும் விஷயத்தை அறியத் தந்து அவர்களைக் காக்கிற எழுத்தை ஊக்குவிப்பதுதான் நோக்கம். இதில் முதலீட்டாளர் முதலில், பொதுமக்கள் பிறகு என்ற வரிசையைக் கவனியுங்கள். தரகர் ஒருவர் அப்படி யோசித்ததில் ஆச்சரியம் இல்லை. 1973இலிருந்து கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகம் இதை நடத்துகிறது.

ஆரம்பத்தில் பத்திரிகை, சஞ்சிகை என்று ஊடகத்தை வைத்துத்தான் பிரித்தார்கள். பிறகு பெரிய பத்திரிகை, சிறிய பத்திரிகை என்று அளவும் வந்தது. சிறிய ஊர்ப் பத்திரிகை நியூயோர்க் பத்திரிகையோடு முட்டத் தேவையில்லாத அந்த ஏற்பாடு நல்லது என்றே நாங்கள் நினைக்கிறோம். இப்போது அளவு போய், எழுத்தின் வகைதான் பிரிவு. 'தனிநபர் நிதி' என்ற பிரிவில் மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் நெருடல். பொன்ஸியிடம் ஏமாந்தது தனிநபரின் கவனக்குறைவா, இல்லை அவரைச் சும்மா விட்ட அதிகாரிகளின் பிழையா?

வணிக எழுத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு: கம்பனிகளுக்குப் பட்டம் கொடுப்பது. 'ஃபோர்ச்சூன்' சஞ்சிகை என்ரோன் கம்பனியைத் தொடர்ந்து ஆறு வருஷம் அமெரிக்காவின் மிகப் புதுமையான கம்பனி என்று அறிவித்தது. 2001 மார்ச்சில் அதே சஞ்சிகையில் பெத்தனி மக்லீன், என்ரோன் உண்மையில் எப்படிக் காசு உழைக்கிறது என்று ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். ஒருத்தராலும் அவருக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த டிசம்பரிலேயே கம்பனி வங்குரோத்து மனுப் போட்டது.